பூமிக்குள்ளே யார் போய்ப் பார்த்தது?

நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் பதினொன்றாம் வகுப்பில் புவியியல் எடுத்து என் முன்னால் உட்காருகிறார்கள். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மேலோடு, கவசம், கருவம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். சியால், சிமா, நைஃப் மூன்றும் நினைவில் இருக்கின்றன. "சரி, இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு வாயடைத்துப் போகிறது. "தோண்டிப் பார்த்திருப்பாங்க மிஸ்" என்கிறான் ஒருவன். "சாட்டிலைட்ல போட்டோ எடுத்திருப்பாங்க" என்கிறாள் இன்னொருத்தி. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. புத்தகத்தில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன்.

அடுக்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்ததற்காக உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பெயர் தெரியாமல் எதைப் பற்றியும் பேச முடியாது. என் வருத்தம் வேறு. ஆற்றைப் பற்றிய பாடமென்றால் பிள்ளை ஆற்றைப் பார்த்திருக்கும். மழையைப் பற்றியதென்றால் நனைந்திருக்கும். பூமியின் உள்ளமைப்பு என்கிற இந்த ஒரு பாடம்தான், எந்த மனிதரும் பார்த்திராத, இனியும் போய்ப் பார்க்க முடியாத இடத்தைப் பற்றிப் பேசுகிறது. அப்படிப்பட்ட இடத்தைப் பற்றி 2,890 கிலோமீட்டர், 5,150 கிலோமீட்டர் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறோமே, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்க வேண்டாமா? கேட்கவிடாமல் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிப் பழக்கிவிட்டோம். காணாத ஒன்றைக் காரணம் காட்டி அறிவது எப்படி என்று சொல்லித்தர இந்த வகுப்புகளில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதை ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருக்கிவிட்டது எனக்கு ஆறவில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பட்டதாரி ஆசிரியராக வந்த உங்களில் பலர் வரலாறு படித்தவர்கள். நிலநடுக்க அலைகளைப் பற்றிக் கல்லூரியில் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரே புத்தகத்துக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் முடித்தாக வேண்டும். இடையே எமிஸ் பதிவு, பயிற்சிக் கூட்டம், தேர்தல் பணி. இத்தனைக்கும் நடுவில் இன்னொரு பாரத்தைத் தலையில் ஏற்ற நான் வரவில்லை. இப்போது செலவழிக்கும் அதே நேரத்தில் வேறு வரிசையில் இந்தப் பாடத்தை நடத்த முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கயிறு வேண்டும். ஆறு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர் நீளம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர்; ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கயிறுதான் நம் காலடியிலிருந்து பூமியின் மையம் வரைக்குமான தூரம். பள்ளி வராந்தாவில் அதை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளிடம் அவர்களுக்குத் தெரிந்த ஆழங்களைக் கேளுங்கள். கொங்குப் பக்கத்துப் பிள்ளையானால் போர்வெல்லைச் சொல்லும். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்து ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் சாம்பல் நிறப் பாறைத்தூள் மட்டும் வெளியே கொட்டிக் கிடந்ததை அது பார்த்திருக்கும். அந்த ஆயிரம் அடி இந்தக் கயிற்றில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பேனா முனையால் வைக்கும் புள்ளி அதைவிடப் பெரிதாக விழும்.

அடுத்து கோலார் தங்கவயலைச் சொல்லுங்கள். வட ஆற்காடு, தருமபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 2001இல் மூடப்படும்போது அதன் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அவ்வளவு கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். பாறைச்சுவர்கள் அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறி உயிர்களைப் பலிவாங்கிய இடம் அது. அத்தனை உழைப்பும் இறப்பும் நடந்த ஆழம் கயிற்றில் மூன்று மில்லிமீட்டர். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு பிள்ளையாவது தன் தாத்தா அங்கே வேலை பார்த்ததைச் சொல்லக்கூடும். வடாற்காட்டுப் பள்ளிகளில் நிச்சயம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் கோலா தீபகற்பத்தில் போட்ட துளை. 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். 15 கிலோமீட்டர் போக வேண்டும் என்பது திட்டம். ஆனால் உள்ளே சுமார் 180 டிகிரி வெப்பம். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். துளைக்கும் கருவிக்கு வேலை செய்ய முடியாமல் போனது. மனித இனம் செங்குத்தாக இறங்கிய அதிகபட்ச ஆழமே கயிற்றில் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தளவு. அந்த இடத்தில் மேலோட்டைக்கூட அது தாண்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கலாம்.

இதற்குப் பிறகு நம் நிலத்துக்கடியில் மேலோடு முடியும் இடத்தில், ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டரில், ஒரு முடிச்சுப் போடுங்கள். இரண்டு மீட்டர் எண்பத்தொன்பதில் அடுத்த முடிச்சு: கவசம் முடிகிறது. ஐந்து மீட்டர் பதினைந்தில் இன்னொன்று: திரவ வெளிக்கருவம் முடிந்து திட உட்கருவம் ஆரம்பிக்கிறது. நகத்தளவு தூரம் மட்டும் எட்டிய மனிதன் மிச்சமிருக்கும் ஆறு மீட்டருக்கு மேற்பட்ட கயிற்றில் எங்கெங்கே முடிச்சுப் போடுவதென்று எப்படிக் கண்டுபிடித்தான்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்திருக்கும் பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வி வகுப்பில் எழும்வரை அடுக்குகளின் பெயர்களைச் சொல்லாதீர்கள். பெயர்கள் எங்கும் ஓடிப்போய்விடாது.

இங்கே சார்ட்டைப் பற்றியும் அவித்த முட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கும் சார்ட்டில் கவசம் ஆரஞ்சு நிறத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் காலுக்குக் கீழே கொஞ்ச தூரம் போனால் எரிமலைக் குழம்பு கடலாகக் கிடக்கிறது என்று நம்புகிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்களில் சிலரும் வகுப்பில் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கவசம் திடப் பாறை. சூடேறிய, கோடிக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்ல நகர்கிற திடப் பாறை. அங்கங்கே, சில சூழ்நிலைகளில் மட்டும், அதில் சிறு பங்கு உருகுகிறது. எரிமலையில் வெளிவரும் குழம்பு அப்படி உண்டானது. பூமியின் கன அளவில் சுமார் 84 விழுக்காடு கவசம்தான். அதைத் திரவம் என்று சொல்லிவிட்டால் பாடம் முழுவதுமே தலைகீழாகிவிடுகிறது. முட்டையை அறுத்துக் காட்டுவதிலும் இதே கோளாறு: ஓடு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தெரியும், ஆனால் கருவத்தின் வெளிப்பகுதி திரவமாகவும் உட்பகுதி திடமாகவும் இருப்பதை எந்த முட்டையும் காட்டாது. தொடக்கத்துக்கு முட்டை போதும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். கண்காட்சிக்காகப் பெற்றோர் கடையில் காசு கொடுத்துச் செய்துவாங்கும் தெர்மாகோல் உருண்டையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் பிள்ளை கற்றுக்கொள்வது எதுவுமில்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது ஒரு நாள் சாப்பாட்டுக் காசு.

கவசம் திடம் என்றும் வெளிக்கருவம் திரவம் என்றும் எப்படித் தெரியும்? இதை விளக்க உங்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பத்துப் பிள்ளைகளை மைதானத்தில் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரச நிறுத்துங்கள். ஒருவர் கையை ஒருவர் இறுகக் கோத்துக்கொள்ளட்டும். ஓரத்தில் நிற்கும் பிள்ளையைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். தள்ளல் ஒவ்வொருவராகக் கடந்து கடைசிப் பிள்ளையிடம் போகும். நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் பி அலை இப்படித்தான் நெருக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. இப்போது அதே பிள்ளையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கை கோத்திருப்பதால் அந்த ஆட்டமும் வரிசை நெடுகப் போகும். அது எஸ் அலை. அடுத்து, கைகளை விட்டுவிடச் சொல்லுங்கள். தோள்கள் மட்டும் உரசிக்கொண்டிருக்கட்டும். தள்ளினால் இப்போதும் போகிறது. ஆட்டினால்? முதல் பிள்ளை மட்டும் ஆடுவாள், பக்கத்தில் இருப்பவன் சும்மா நிற்பான். திரவத்தில் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் எஸ் அலை அதற்குள் நுழைய முடியாது. கவசத்தைக் கடந்து போகும் எஸ் அலை வெளிக்கருவத்தைக் கடப்பதில்லை; நம் கேள்விக்கு விடை அதுதான். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்த பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது.

இந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருக்கிற வரலாறு, வரலாறு படித்த உங்களுக்கு மிகவும் நெருக்கமானது. அதனால்தான் அதை நீங்கள் சொல்லாமல் விடுவது எனக்கு அதிகமாக வலிக்கிறது. 1889இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஒரு நுட்பமான ஊசலில் இனம்புரியாத அதிர்வு பதிவானது. ஜப்பானில் அப்போது நடந்த நிலநடுக்கம்தான் பூமியின் வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று பிறகு புரிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1897 ஜூன் 12 அன்று, அஸ்ஸாமும் ஷில்லாங் பகுதியும் பயங்கரமாகக் குலுங்கின. அதை ஆராயும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டமிடம் வந்தது. இடிந்த ஊர்களைச் சுற்றிவந்து அறிக்கை எழுதிய கையோடு, தொலைவில் ஐரோப்பாவில் இருந்த கருவிகள் வரைந்த கோடுகளையும் அவர் எடுத்துப் பார்த்தார். ஒரே நிலநடுக்கத்திலிருந்து மூன்று விதமான அலைகள் மூன்று வேகத்தில் வந்து சேர்வதை அவர் பிரித்தறிந்தார். ஓய்வுபெற்று இங்கிலாந்து போன பிறகு, 1906இல், நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு ஏறத்தாழ மறுபக்கத்தில் இருக்கும் நிலையங்களுக்கு அலைகள் எதிர்பார்த்த நேரத்தில் வந்து சேரவில்லை என்பதைக் கொண்டு, பூமிக்கு நடுவே வேறு பொருளாலான ஒரு கருவம் இருக்கிறது என்று எழுதினார். பூமிக்குக் கருவம் உண்டு என்ற சான்றுக்கு விதை விழுந்தது நம் நாட்டில் நடந்த ஒரு நிலநடுக்க ஆய்வில். இதை நம் பாடவேளைகளில் யாராவது சொல்கிறார்களா?

அதே அஸ்ஸாம் நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் நம் நாட்டில் நிலநடுக்கமானிகளை நிறுவத் தொடங்கினார்கள். 1898இல் கல்கத்தா அலிப்பூர். அடுத்த ஆண்டு பம்பாய் கொலாபாவும் நம் கொடைக்கானலும். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்குப் படகுத்துறையும் சாக்லேட் கடையும் தெரியும். அங்கே சூரியனைப் பார்க்கும் ஆய்வுக்கூடம் இருப்பது சிலருக்குத் தெரியும். பூமியின் உள்ளிருந்து வரும் அதிர்வுகளைப் பதிவுசெய்த நாட்டின் முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று என்பதைச் சொல்ல அழைத்துப் போகும் ஆசிரியரால்தான் முடியும்.

1909இல் குரோவேஷியாவின் சாக்ரெப் நகருக்கு அருகே நடந்த நிலநடுக்கத்தின் அலைகளை வைத்து மோஹோரோவிசிச் மேலோட்டின் அடியைக் கண்டார். சில ஆண்டுகளில் குட்டன்பர்க் கருவத்தின் எல்லையை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் குறித்தார். அந்த எல்லைக்கோடுகளின் பெயர்கள் மனப்பாடக் கேள்வியாக வருவதால் இவர்கள் இருவரையும் நீங்கள் எப்படியும் சொல்லிவிடுவீர்கள். 1926இல் கருவம் திரவமாக இருக்க வேண்டும் என்று ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் காட்டினார்.

நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதைத்தான். ஆணும் பெண்ணும் ஒன்றாக, வேற்றுமை காட்டாமல் நடத்தப்பட்ட ஒரு பள்ளியில் படித்தவர் அவர். டென்மார்க்கின் நிலநடுக்க நிலையங்களைக் கவனித்துக்கொண்டார். 1929இல் நியூசிலாந்தில் மர்ச்சிசன் அருகே பெரிய நிலநடுக்கம் வந்தது. பூமியின் மறுபக்கத்தில், பி அலைகள் வரவே கூடாத நிழல் பகுதியில் இருந்த நிலையங்களில் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. பலர் அதைத் திரவக் கருவத்தின் ஓரத்தில் அலை வளைந்து சிதறியதால் வந்தது என்று விட்டுவிட்டார்கள். லேமன் விடவில்லை. நிலையங்களின் பதிவுகளைச் சிறு சிறு அட்டைகளில் குறித்து, ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்து, கணினி இல்லாத காலத்தில் கையாலேயே கணக்குப் போட்டார். திரவக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருந்து அதில் பட்டு அலைகள் திரும்பினால் ஒழிய இந்தப் பதிவு வர வாய்ப்பில்லை என்று 1936இல் வெளியிட்டார். நூற்று நான்கு வயது வரை வாழ்ந்து 1993இல் மறைந்தார். வீட்டுத் தோட்டத்தில் மேசை போட்டு, டப்பாவில் அட்டைகளை அடுக்கி, பூமியின் நடுமையத்தைக் கண்டுபிடித்த ஒரு பெண்ணின் கதை உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைக்கு எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

அலைகளைப் பற்றிப் பேச நேரமில்லாவிட்டால் ஜல்லிக்கல் ஒன்று போதும். எந்தப் பள்ளியிலும் ஏதாவது கட்டட வேலை நடந்த மிச்சம் கிடக்கும். ஒரு ஜல்லியை எடுத்து மளிகைக் கடைத் தராசில் எடை பாருங்கள். அளவுகோடு போட்ட குவளையில் தண்ணீர் ஊற்றி, கல்லை மெல்லப் போட்டு, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். தன் அளவுள்ள தண்ணீரைவிடக் கல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு கனம் என்று வரும். இனி 1798இல் லண்டனில் தன் வீட்டிலேயே ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு ஹென்றி கேவண்டிஷ் அளந்ததைச் சொல்லுங்கள். முழுப் பூமியும் தண்ணீரைப் போல 5.48 மடங்கு கனம் என்று அவருக்கு வந்தது. இன்றைக்கு நாம் சொல்வதும் கிட்டத்தட்ட 5.5தான். மேலே இருக்கும் கல் 2.7, மொத்தமாக 5.5 என்றால் உள்ளே என்ன இருக்க வேண்டும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே சொல்லும், உள்ளே இதைவிட மிகக் கனமான ஏதோ இருக்கிறது என்று. அந்தப் பிள்ளைக்கு அதன் பிறகு நைஃப் என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியிருக்காது. நிக்கலும் இரும்பும் என்று கேட்டதுமே அதற்குப் பொருத்தம் தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தைத் தொட்டுப் பார்க்கவே முடியாது என்றும் நினைக்காதீர்கள். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் இருக்கின்றன. அங்கே கிடக்கும் கருநிறப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் செய்யப்பட்டது என்பதால் 1893இல் டி.எச். ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். அந்த இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மேலோட்டின் ஆழத்தில், இருபது கிலோமீட்டர் அளவுக்குக் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. மேலே இருந்தவை காலப்போக்கில் அரித்துக் கழுவப்பட்டு, நிலம் மெல்ல உயர்ந்து, இப்போது மின்சார ரயிலிலிருந்து பார்க்கும் தூரத்தில் நிற்கிறது. கோலாவில் பத்தொன்பது ஆண்டு துளைத்தும் தொடாத ஆழத்துக் கல்லை நம் பிள்ளைகள் கைவைத்துத் தடவலாம். நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளிலும் இதே வகைப் பாறைதான். ஊட்டியில் இருக்கும் ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனால் போதும். சேலத்துக்காரர்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம். சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் வெட்டும் இடத்தில் டியூனைட் என்ற பாறை இருக்கிறது. மேல் கவசத்தில் மிகுதியாக இருக்கிற ஆலிவின் கனிமம்தான் அதில் பெரும்பகுதி. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கவசம் ஏன் திரவமில்லை என்று பேசுங்கள். வேறு சார்ட்டே தேவைப்படாது.

இவ்வளவும் எதற்கு, தேர்வில் வராதே என்று சிலர் கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தது. நான்கைந்து நிமிடத்துக்குள் அதன் பி அலை பூமியின் உள்வழியாகச் சென்னையை எட்டிவிட்டது. பலர் கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள். எழுந்து வெளியே வந்து தெருவில் நின்று பேசினார்கள், பிறகு உள்ளே போனார்கள். கடல் வந்தது சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த இரண்டரை மணி நேரத்தில் மெரினாவில் நடைப்பயிற்சி நடந்தது, நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கரையில் பிள்ளைகள் விளையாடினார்கள். எச்சரிக்கை அமைப்பு அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. அது 2007இல்தான் ஹைதராபாத்தில் செயல்படத் தொடங்கியது. பூமிக்குள் ஓடும் அலை கடல் அலையைவிடப் பல மடங்கு வேகமாக வந்து தகவல் சொல்லிவிடும் என்ற ஒரே உண்மையின் மேல்தான் அந்த அமைப்பு நிற்கிறது. கடலோரத்தில் பெரிதாக, நெடுநேரம் நிலம் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு பிள்ளை புரிந்துகொள்ள வேண்டுமானால் பி, எஸ் என்ற எழுத்துகள் போதாது. அந்த அலை என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பெரியவர்கள் சொல்லும் கதை. கடலூர், நாகை, கன்னியாகுமரி மாவட்ட ஆசிரியர்களே, உங்கள் பள்ளி நிற்கும் மண் அதைப் பார்த்தது. நீங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நாம் சொல்லும் சியால், சிமா அடுக்குமுறை நூறாண்டுக்கும் முன்னால் எட்வர்ட் சூயஸ் காலத்தில் வந்தது. கண்டங்களுக்கு அடியில் சிமா ஒரே சீரான அடுக்காக விரிந்து கிடக்கிறது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அறிவியல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை விளக்கப் போய் எட்மண்ட் ஹாலி 1692இல் பூமி உள்ளே வெற்றாக, ஓட்டுக்குள் ஓடாக இருக்கிறது என்று எழுதினார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். அவ்வளவு பெரிய அறிவாளியும் சான்று போதாதபோது தவறாகச் சொல்லியிருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொன்னால் புத்தகத்தின் மேல் மரியாதை குறைந்துவிடாது. சான்று கேட்கும் துணிச்சல் வளரும். காந்தப்புலத்துக்குக் காரணம் வெளிக்கருவத்தின் திரவ இரும்பு சுழன்றோடுவது என்று பின்னாளில் தெரிந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தம் ஏன் வடக்கே திரும்புகிறது என்று ஆறாம் வகுப்பு அறிவியலில் பார்த்த பிள்ளைக்கு, அதற்கான விடை காலடியில் 2,890 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு உங்களுக்குத்தான் கிடைக்கிறது. அறிவியல் ஆசிரியரும் நீங்களும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில்தான் இருக்கிறீர்கள். ஒரு நாள் சேர்ந்து நடத்துங்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். பூமியின் உள்ளமைப்புப் பாடத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் பாடவேளைகளில் முதல் இரண்டை எனக்காகக் கொடுங்கள். முதல் நாள் கயிறு. அன்று அடுக்கின் பெயரே வேண்டாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். இரண்டாம் நாள் மைதானத்தில் கைகோத்த வரிசை, முடிந்தால் ஜல்லிக்கல். மூன்றாம் நாளிலிருந்து புத்தகத்தைத் திறந்து உங்கள் வழக்கப்படி நடத்துங்கள். கவசத்தைத் திரவம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு உங்களில் யாரிடமாவது இருந்தால், இந்தக் காலாண்டுத் தேர்வில் "புவியின் மையப்பகுதி ______ எனப்படும்" என்பதை எடுத்துவிட்டு இந்தக் கேள்வியைப் போடுங்கள்: "பூமியின் வெளிக்கருவம் திரவமாக இருக்கிறது என்று, அங்கே போகாமலேயே, எப்படித் தெரிந்துகொண்டார்கள்? உங்கள் சொந்த நடையில் எழுதுக." நான்கு வரி எழுதினாலும், படம் போட்டுக் காட்டினாலும், காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். அந்த விடைத்தாள்களில் பிள்ளைகள் எழுதியதை வட்டார ஆசிரியர் கூட்டத்துக்கு எடுத்து வந்து படித்துக் காட்டுங்கள். அதைக் கேட்டுவிட்டு பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவராவது கயிறு எத்தனை மீட்டர் என்று உங்களிடம் கேட்பார். அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மிக்க அன்புடன்,
மேல்நிலைப் பள்ளிப் புவியியல் ஆசிரியை ஒருத்தி